பாக்கியம் அக்கா இல்லாமல் ஆடச் சொன்ன மகனுக்கு

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு "பாப்பம்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். அடுப்பில் பால் கொதிக்கிறது என்று வேறு சொன்னேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்கு ஐந்தாம் நாள். இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஒரே தாளுக்கு இரண்டு தரம் புள்ளி போடுகிறேன். எழும்பிப் போய் வாசல் படலையைப் பார்த்துவிட்டு வருகிறேன், யாரும் வரவில்லை. உன் அப்பா பேப்பருக்கு மேலால் பார்த்து, "என்ன, ஒரு இடத்தில இருக்கேலாதா?" என்று கேட்கிறார். இருக்க முடியவில்லைதான்.

நீ கேட்டதை நீயே ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படியே எழுதுகிறேன். "அம்மா, கொழும்பில இருந்து என்ட ஒபிஸ் ஆக்கள் எல்லாம் வாறாங்க. உங்கட வீடியோவ அவங்களுக்குக் காட்டிட்டன். அம்மா பெலி டான்ஸ் ஆடுறவ எண்டா ஒருத்தனும் நம்புறான் இல்ல. என்ட கல்யாண வரவேற்பில நீங்க கட்டாயம் ஆடணும்." மற்றப் பிள்ளைகள் தாய் ஆடினால் வெட்கப்படுவார்கள். நீ பெருமைப்பட்டாய். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோசமும் வந்தது. பிறகு குரலைத் தணித்துச் சொன்னாய்: "ஆனா அந்தப் பாக்கியம் அக்கா வேணாம் அம்மா. மாமி ஆக்கள் விரும்ப மாட்டாங்க. வெளிநாட்டில வேலைக்காரியா இருந்தவ எண்டு தெரிஞ்சா ஒரு மாதிரி யோசிப்பாங்க. நீங்க ஏழு பேரும் ஆடினாக் காணும்தானே."

அதற்குத்தான் நான் "பாப்பம்" என்றேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை விளங்கப்படுத்த, ஒன்றரை வருடமாக உன்னிடமும் வேறு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இதற்குள் வந்தது இடுப்பு வலியால். கதிரையில் இருந்து எழும்ப மேசையைப் பிடிக்க வேண்டிய நிலை. எங்கள் பாடசாலைச் சங்கீத ஆசிரியை ஒரு நாள் என்னை இழுத்துக்கொண்டு போனார். மாதர் சங்கத்தின் பாலர் பாடசாலையில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, சின்னக் கதிரைகளை ஓரத்தில் அடுக்கிவிட்டு, அவரோடு சேர்த்து ஆறு பெண்கள் இடுப்பில் சால்வை கட்டி நின்றார்கள். ஒருவர் தபால் கந்தோரில் வேலை. இரண்டு பேர் மருத்துவத் தாதிகள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சொல்லிக்கொடுத்தவர் பாக்கியம் அக்கா. வவுணதீவுக்காரி. அதே பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி காய்ச்சுகிறவர். அதற்கு முன் பதினொரு வருடம் பெய்ரூட்டில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. இது உடற்பயிற்சியும் இல்லை, கலையும் இல்லை, நேரம் போகாதவர்களின் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இப்போதும் இதைப் பெரிய கலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த கிழமையும் போனேன். உன் அப்பாவிடம் சொன்னபோது, "ஆடுறதெண்டா ஆடு, எனக்கு விளங்கப்படுத்தாத" என்றார். அந்த அளவில் அவர் நல்ல மனிதர்.

ஒன்றை உனக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்கிறேன். என் வயிற்றை வெட்டித்தான் உன்னை எடுத்தார்கள். அந்தத் தழும்புக்குக் கீழே இருபத்தாறு வருடமாக எனக்கு உணர்ச்சி இல்லை. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுவது போல இருக்கும். பாக்கியம் அக்கா முன்னால் வந்து நின்று, "மூச்ச விடுங்க டீச்சர். மேல்வயிறு சும்மா இருக்கட்டும். அடிவயித்த மட்டும் இழுங்க" என்றார். ஒன்றும் அசையவில்லை. வயிற்றுத் தசைகளை எத்தனை வருடம் கரும்பலகையில் கீறிப் பெயர் எழுதியிருக்கிறேன்! சொந்த வயிற்றில் அவை எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள் அங்கே ஏதோ ஒன்று துடித்தது. நான் நின்றுவிட்டேன். அக்கா கண்டுகொண்டார். "ஆ, ஆள் ஒழும்பிட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் முதல் மேடையை நீ வீடியோவில் பார்த்தாய், ஆனால் அதன் முதல் ஐந்து நிமிடம் அதில் இல்லை. பாக்கியம் அக்கா இந்த ஆட்டத்தைக் கற்றது அந்தப் பெய்ரூட் வீட்டு விருந்துகளில், குசினி வாசலில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்று. விருந்தாளிகள் அந்தப் பக்கம், ஆடுகிறவர்கள் நடுவில், அக்கா இந்தப் பக்கம். பதினொரு வருடமும் அவர் பார்த்தது ஆட்டக்காரிகளின் முதுகை. எங்களுக்கும் அப்படியே சொல்லித்தந்தார். அதில் பிழை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் படவில்லை, ஏனென்றால் பாலர் பாடசாலையில் அவரும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் ஆடுவார். மகளிர் தின நிகழ்வில் திரை விலகியது. எட்டுப் பேரும் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்சுவரில் கட்டியிருந்த பதாகைக்கு ஆடினோம். மேலே நீளக் கறுப்புச் சட்டை, கீழே பாவாடை, இடுப்பில் காத்தான்குடிக் கடையில் வாங்கிய மணிகள். வயிறு ஒரு விரற்கடையும் தெரியாமல் பெலி டான்ஸ் ஆடும் குழு உலகத்தில் நாங்கள் மட்டுமாக இருக்கலாம். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த பிரதம விருந்தினர் அம்மா, ஒலிவாங்கி திறந்திருப்பது தெரியாமல் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்: "இவங்க எப்பகா கிறுகுவாங்க?" மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பாக்கியம் அக்கா சட்டென்று திரும்பி, "இந்தாக் கிறுகிட்டம்!" என்று கத்தினார். நாங்களும் திரும்பினோம். கைதட்டல் நிற்கவில்லை. நீ பார்த்தது அதற்குப் பிறகு உள்ள பகுதி. அதைப் பிடித்தவர் யாரோ ஒரு பெண்ணின் கணவர்.

திங்கட்கிழமை அந்த வீடியோ எங்கள் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே சிரிக்கும் முகங்கள், அதற்கும் கீழே இரண்டொரு கெட்ட சொற்கள். இரண்டாம் பாடவேளையில் பாடசாலை அதிபர் என்னை அழைத்தார். கடுமையான மனுசி இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெல்லத்தான் கேட்டார். "டீச்சர், இதில நிக்கிறது நீங்களா?" ஓம் என்றேன். "பிள்ளையள்ட தாய்மார் கதைக்கிறாங்க. நான் என்ன பதில் சொல்ல?" அப்போது நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். "உடற்பயிற்சி எண்டு சொல்லித்தான் மிஸ் அந்த மனுசி எங்களக் கூட்டிப் போன. மேடையில ஏறின பிறகுதான் இது என்ன எண்டு எங்களுக்கே விளங்கின." ஐந்து மாதம் ஆடியவள் நான். என்ன ஆட்டம் என்று தெரிந்து, பெயர் தெரிந்து, பாவாடைக்கு மணி நானே கோர்த்து ஆடியவள். யாரும் என்னை நெருக்கவில்லை. அந்தப் பொய் அவ்வளவு சுகமாக வந்தது. அதிபரின் முகம் தெளிந்தது. "நினைச்சன், படிச்ச நீங்க தெரிஞ்சு போயிருக்க மாட்டீங்க எண்டு" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்து பத்தாம் வகுப்புக்கு ஒளித்தொகுப்பு நடத்தினேன்.

அதிபர் மாதர் சங்கத் தலைவிக்கு அழைத்திருக்கிறார். அந்தக் கிழமையே பாக்கியம் அக்காவின் கஞ்சி வேலை போனது. எங்களிடம் அவர் சொன்னது வேறு. "பாலர் பாடசாலைக் கூரை ஒழுகுது, திருத்தப் போறாங்களாம். மறுகா கஞ்சி வேலையும் எனக்கு அலுத்துப் போச்சு. இனி எங்கட வளவுக்கு வாங்க" என்றார். அவரது வளவுக்குப் பின்னால் வயல் வட்டை தொடங்குகிறது. நெல் காயவைக்கிற சீமெந்துத் தளம் ஒன்று அங்கே உண்டு. வயலைப் பார்த்துக்கொண்டு அதில் ஆடினோம். எனக்கு மட்டும் தெரியும், எந்தக் கூரையும் ஒழுகவில்லை என்று. கிழமைக்கு ஒரு தரம் வலையிறவுப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று போவேன். தளத்தில் ஏறி இடுப்பில் மணியைக் கட்டினால் மறந்துவிடும். மறந்துவிடும் என்பதும் பொய். ஒத்திவைப்பேன். இப்படி ஒன்றரை வருடம்.

நீ எட்டாம் வகுப்பில் படிக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நீயும் சுதனும் யாரோ ஒருவருடைய தோணியைக் கேட்காமல் எடுத்து வாவிக்குள் போய், சவள் துடுப்பைத் தொலைத்துவிட்டு, எங்கோ கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் ஒதுங்கி நடந்து வந்தீர்கள். தோணிக்காரர் நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "சுதன்தான் வா எண்டு கூப்பிட்ட" என்றாய் நீ. கூப்பிட்டவன் நீ என்பது எனக்குத் தெரியும். முதல் நாள் நீ சுதனோடு தொலைபேசியில் அதைத்தான் கதைத்தாய், நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தோணிக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "சிநேகிதம் சரியில்ல அண்ணன், என்ன செய்யிற" என்றேன். சுதன் அவனது அப்பாவிடம் வாங்கிய அடியில் இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. உன்னை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் தணிந்த குரலைக் கேட்டதிலிருந்து அதை அப்படி நினைக்க முடியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் நேரே வவுணதீவுக்குப் போனேன். வகுப்பு இல்லாத நாள். அக்கா முற்றத்தில் இருந்து கருநீலத் துணி ஒன்றுக்கு மணி தைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், நாள் மாறி வந்திட்டீங்களா?"

"இல்ல அக்கா. ஒரு விசயம் சொல்லணும்."

"சுறுக்காச் சொல்லுங்க, வேலியடைக்கிற ஆள் வரப்போறாரு."

சொன்னேன். அதிபரின் அறையில் பேசியது முழுவதையும், எழுதியிருக்கிறேனே, அப்படியே. அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "தலைவி வந்து சொன்னவ. 'படிச்ச டீச்சரே சொல்லிப்போட்டா, நீ ஏமாத்திக் கூட்டிப்போன எண்டு.' மறுகா நான் என்னத்தச் சொல்ல?"

"என்னட்ட ஏன் அக்கா கேக்கல்ல?"

"கேட்டா நீங்க வராம விட்டிருவீங்க. ஏழு பேருக்கு வட்டம் சரிவராது."

"கோவம் இல்லையா?"

"இல்லாம என்ன! ரெண்டு மாசம் உங்களப் பின்வரிசையில விட்டனே, விளங்கல்லையா?"

எனக்கு விளங்கியிருக்கவில்லை, மகன். என் இடுப்பு இன்னும் வளையவில்லை, அதுதான் பின்னால் விட்டிருக்கிறார் என்று நினைத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தேன். அதைச் சொன்னேன். அவர் மணிகள் மடியில் இருந்து சிதறச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனா டீச்சர், அந்தக் கஞ்சி வேலை எனக்கு விருப்பமான வேலை" என்றார். இருவரும் குனிந்து மணிகளைப் பொறுக்கினோம். இந்தக் கதையை எழுதி அதே வட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன் என்றேன், உங்கள் பெயரை விட்டுவிடவா என்று கேட்டேன். "பேரப் போடுங்க. வேலைக்காரி எண்டும் போடுங்க, நான் களவெடுக்கப் போகல்லத்தானே" என்றார். அதனால்தான் உனக்கு எழுதும் கடிதம் எல்லோரும் வாசிக்கும் கடிதமாக இருக்கிறது. உன் பெயரைப் போடவில்லை. நீ வாசித்த பிறகுதான் கடிதத்தைக் குழுவில் போடுவேன். அதிபரும் அந்தக் குழுவில் இருக்கிறார். என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

புறப்படும்போது கேட்டேன், யாருக்கு இந்தத் துணி என்று. "உங்கட மகன்ட கல்யாணத்துக்குத்தான். எட்டுப் பேருக்கும் ஒரே நிறம். தபால் கந்தோர்த் தங்கச்சி சொன்னா, தம்பி உங்கள ஆடக் கேட்டாராம் எண்டு" என்றார். அவர் இல்லாமல் கேட்டாய் என்று தங்கச்சியிடமும் நான் சொல்லியிருக்கவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. ஒன்றரை வருடக் கதையைச் சொல்லி முடித்த வாய், இரண்டு நாள் கதையைச் சொல்ல மாட்டேன் என்றது.

பஸ் நிறுத்தத்தில் நிற்க முடியாமல் நடந்தேன். பாலத்துக்குக் கிட்டப் போய் நின்று, தர்ஷினியின் அம்மாவுக்கு, உன் மாமிக்கு, அழைத்தேன். கல்யாணத்துக்கு முன்பு சம்பந்தியோடு மனம் விட்டுக் கதைப்பது நல்லது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். "மச்சாள், பாக்கியம் அக்கா எண்டு ஒருவர் எங்களுக்கு ஆட்டம் பழக்கிறவ. வெளிநாட்டில வீட்டு வேலை செஞ்சவ. அவ மேடையில நிண்டா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமோ?" என்று கேட்டேன்.

"என்ன மச்சாள் கதைக்கிறீங்க?" என்றார். "என்ட தங்கச்சி குவைத்தில வீட்டு வேலை செஞ்சுதான் இந்த வீட்டுக்கே அத்திவாரம் போட்ட. பிள்ளையள் இருக்கப்போற வீடு. நாங்க ஏன் அப்பிடி யோசிக்கிறம்? யாரு சொன்ன?"

வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. பதில்கள் நாக்கில் தயாராக நின்றன. யாரும் சொல்லவில்லை, சும்மாதான் கேட்டேன். ஊரில் யாரோ கதைத்தார்கள். பாக்கியம் அக்காவுக்கே கூச்சம். ஒவ்வொன்றும் நன்றாகப் பொருந்தும், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

"என்ட மகன்தான் மச்சாள் சொன்னவன்" என்றேன்.

அந்தப் பக்கம் கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மச்சாள். நான் தங்கச்சிக்கு இத சொல்ல மாட்டன்" என்றார். அவ்வளவுதான். கோபமாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை.

நம் பக்கத்தில் கல்யாணம் முடித்ததும் வீட்டை விட்டுப் போகிறவன் மாப்பிள்ளைதான். பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு ஒரு சூட்கேஸ். குருமண்வெளித் துறையில் இயந்திரப் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, மண்டூரில் அந்த வீட்டுக்குப் போய் நீ இருக்கப்போகிறாய். மருமகனுக்கு முதல் சோறு போடும் மனுசிக்கு உன்னைப் பற்றி இப்போது ஒன்று தெரியும். அதைச் சொன்னவள் உன் தாய். நீ கோபப்படுவாய். நானும் உன் வயதில் என் தாய் அப்படிச் செய்திருந்தால் ஒரு வருடம் பேசியிருக்க மாட்டேன். உனக்காக மறைத்திருக்கலாம், எப்போதும் அதைத்தானே செய்தேன் என்று ஒரு மனம் சொல்கிறது. எது சரி என்று முழுவதும் தெளிவாக இல்லை. ஆனால் அந்தப் பாலத்தடியில் நின்று சொன்ன அந்த ஒரு வசனத்தைத் திருப்பி எடுக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வீட்டு மனிதர்களின் பெயரைச் சொல்லி நீ உன் வெட்கத்தை மூடினாய். அவர்களிடம் அந்த வெட்கமே இல்லை. அதை நீ அங்கே போவதற்கு முன்பு அறிந்துகொள்வது, போன பிறகு அறிவதைவிட நல்லது. எனக்குத் தெரிந்த அறிவுரை இவ்வளவுதான்.

இனி உன் கேள்விக்குப் பதில். ஏழு பேராக நாங்கள் ஆடமாட்டோம். மற்ற ஆறு பேரிடமும் நேற்றுச் சொல்லிவிட்டேன். தபால் கந்தோர்த் தங்கச்சி, "உங்கட மகன் எண்டதால சும்மா விடுறன் அக்கா" என்றாள். எட்டுப் பேராக ஆடுவதென்றால், அழைப்பிதழோடு நீ போய் பாக்கியம் அக்காவைக் கேட்க வேண்டும். நான் கேட்கமாட்டேன். என் மூலம் சொல்லியனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை என்ன சொன்னாய் என்பது இந்தக் கடிதம் குழுவுக்குப் போனால் எப்படியும் அவர் காதுக்கு எட்டும்; அதற்கு முன் உன் வாயால் சொல்ல வேண்டுமா என்பதை நீயே முடிவு செய்துகொள். அவர் மாட்டேன் என்றால் அது அவரது உரிமை, கெஞ்சாதே. நீ போகாவிட்டாலும் நான் கல்யாணத்துக்கு வருவேன், மாப்பிள்ளையின் தாய் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்வேன், என் முகத்தைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருவதாகச் சொன்னாய். நிலையத்துக்கு அப்பா வருவார், மோட்டார் சைக்கிளை உன்னிடம் தருவார். வரவேற்புக்கு எனக்குச் சேலைச் சட்டை தைப்பதா, ஆட்டத்துக்குப் பாவாடை தைப்பதா என்று தையற்காரி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மறுநாள், சனிக்கிழமை காலை, பதில் சொல்வதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா